வாசகர் வட்டம் நொண்டினால்: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டறியும் வழிமுறை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பன்னிரண்டு நாற்காலிகளைப் போட்டுவிட்டுக் காத்திருந்து, ஐந்தரை மணிக்கு அவற்றில் எட்டை மடித்து ஓரமாகச் சாய்த்து வைத்த அனுபவம், தெருவிலோ குடியிருப்பிலோ வாசகர் வட்டம் நடத்திய எவருக்கும் இருக்கும். அப்படி மடிக்கும்போது, இந்தக் காலத்தில் யாருக்குமே படிக்கும் பழக்கம் இல்லை என்ற எண்ணம்தான் முதலில் வரும். திருச்சியில் எங்கள் குடியிருப்பின் வட்டத்தை ஏழாண்டுகளாகக் கவனித்துவரும் எனக்கு, அந்த எண்ணம் பெரும்பாலும் தவறு என்றே படுகிறது. புத்தகம் தேர்வான விதத்திலோ, பிரதி கைக்கு வந்து சேர்ந்த தேதியிலோ, கூட்டத்தின் முதல் பத்து நிமிடங்களிலோதான் பழுது ஒளிந்திருக்கும்; ஆட்களைக் குறை சொல்வது கடைசியில் செய்ய வேண்டியது. உங்கள் வட்டத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கே நேராகப் போகலாம். இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் முதலாவதிலிருந்து தொடங்குங்கள். அது சரியானதும் மற்றவற்றில் சில தாமாகவே மறைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

பாதிப் பேர் படிக்காமலே வருகிறார்கள்

ஏன் படிக்கவில்லை என்று கேட்பதில் பயனில்லை. கேட்டால், ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார், பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் மாதம் என்று மறுக்க முடியாத காரணங்கள் வரிசையாக வரும். பழுது மட்டும் வெளியே வராது. அதற்குப் பதிலாக, குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லாமல், "எந்தப் பக்கத்தில் நின்றீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, விடையை ஒரு தாளில் எண்ணாக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. அந்த எண்கள் எப்படி விழுந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்பது தெரியவரும்.

பல எண்கள் பூச்சியமாக இருந்தால் பழுது பிரதியில் இருக்கிறது. எங்கள் வட்டத்தில் ஒருமுறை முதல் தேதியன்று ஒரு நாவலை அறிவித்தோம். 30-ஆம் தேதி கூட்டத்தில் நான்கு பேர் மட்டுமே படித்திருந்தார்கள். நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்கிட்டபோதுதான், பன்னிரண்டு பேருக்கு நடுவில் இருந்தவை மொத்தம் ஐந்து பிரதிகள் என்பதும், அவற்றிலும் மூன்று கூரியரில் வந்து சேர்ந்ததே 19-ஆம் தேதி என்பதும் விளங்கின. ஐந்து பிரதிகளுக்கு நான்கு வாசகர்கள் கிடைத்தது உண்மையில் நல்ல விளைச்சல். அடுத்த கூட்டத்தை மன்னிப்புக் கேட்டுத்தான் தொடங்கினேன்.

தமிழில் பெயர்பெற்ற நூல்கள்கூடச் சிறு எண்ணிக்கையில் அச்சாகி, தீர்ந்ததும் அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று தெரியாமல் கிடப்பது வழக்கமாகையால், புத்தகத்தின் பெயரை உறுப்பினர்களுக்குச் சொல்லும் முன்பே கடைக்கோ பதிப்பகத்துக்கோ தொலைபேசியில் அழைத்து, இத்தனை பிரதிகள் கையிருப்பில் உள்ளனவா, எந்தத் தேதிக்குள் வந்து சேரும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட வேண்டும். அழைக்கும்போதே கழிவு பற்றியும் தயங்காமல் கேளுங்கள்; புத்தகக் காட்சிகளில் எல்லோருக்கும் கிடைக்கும் 10 விழுக்காட்டை, பத்துப் பிரதிகள் சேர்த்து வாங்குபவருக்குத் தருவதில் பலருக்கும் தடையிருப்பதில்லை. ஆளுக்கொன்று வாங்குவது எல்லோருக்கும் இயலாது என்றால், இரண்டு வீடுகளுக்கு ஒரு பிரதி என்று இணைத்து, முதல் பதினைந்து நாள் ஒருவர், அடுத்த பதினைந்து நாள் மற்றவர் என்று தேதியோடு பிரித்துக் கொடுங்கள். தேதி குறிக்காமல், படித்துவிட்டுக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிக் கொடுத்த பிரதி திரும்பி வருவதில்லை.

கிளை நூலகத்தை மறந்துவிடக் கூடாது. 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின் வழியாக, சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்தே நாம் செலுத்திவருகிறோம். பிறகு எதற்காகத் தயங்க வேண்டும்? ஆனால் அங்கே ஒரு நூலுக்கு ஒன்றிரண்டு பிரதிகளுக்கு மேல் இருப்பது அரிது என்பதால், வட்டத்தின் முழுத் தேவையையும் அதன்மேல் சுமத்த முடியாது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து நானே இரண்டு முறை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

பிரதிச் சிக்கலே எழாத ஒரு பெரும் பரப்பும் உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பும் பழைய நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றி வழங்குகிறது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை தீர்ந்துவிடும் என்பதால், 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் படியெடுத்துக் கொடுக்கலாம். உயிரோடிருக்கும் ஓர் எழுத்தாளரின் முழு நாவலையும் பி.டி.எஃப். கோப்பாகக் குழுவில் சுற்றுக்கு விடுவது வேறு கதை. அதை நாங்கள் செய்வதில்லை, செய்தவரிடம் அழிக்கச் சொல்லியிருக்கிறோம்.

எண்கள் 40, 95, 130, 180 என்று சிதறிக் கிடந்தால் புத்தகத்திலும் பிரதியிலும் குறையில்லை, நாள்தான் போதவில்லை. வேலைக்கும் போய் வீட்டையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் ஒரு நாளில் இருபது நிமிடம் படிப்பதே பெரிது. எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு அந்த இருபது நிமிடத்தில் பத்துப் பக்கம் நகர்கிறது. அந்தக் கணக்கில் 240 பக்க நாவலுக்கு 24 நாள் தேவை. மாதக் கூட்டத்துக்கு ஏறக்குறைய அதுதான் மேல் எல்லை. 600 பக்க நூலை ஒரு மாதத்துக்கு அறிவிப்பவர், தம்மை அறியாமலே, ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டுமான வட்டத்தை நடத்துகிறார்.

எல்லோரும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில் நின்றுவிட்டார்கள்

எண்கள் 28, 31, 35 என்று நெருங்கி விழுந்தால், அந்தப் பக்கங்களை நீங்களே எடுத்துப் பாருங்கள். அங்கே ஒரு மேடு இருக்கும். ஒரே பெயரில் தாத்தாவும் பேரனும் வருவது, களம் சொல்லாமல் மாறுவது போன்றவை சிறு மேடுகள். குடும்ப வரிசையை அரைப் பக்கத்தில் கிளையாக வரைந்து கொடுத்தாலே அவற்றைக் கடந்துவிடலாம். பெரிய மேடு வட்டார வழக்கு. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த வாசகருக்குக் கரிசல் காட்டுப் பேச்சோ, நாஞ்சில் நாட்டுப் பேச்சோ, யாழ்ப்பாணத்துப் பேச்சோ முதல் முப்பது பக்கங்களுக்குள் களைப்பைத் தந்துவிடும். அந்த முப்பதைத் தாண்டிவிட்டால் காது பழகிவிடும்.

இதற்கு நான் கண்ட ஒரே உறுதியான மருந்து, அடுத்த மாதப் புத்தகத்தின் முதல் பத்துப் பக்கங்களை இந்த மாதக் கூட்டத்தின் இறுதியிலேயே உரக்க வாசித்துவிடுவதுதான். ஒரு கரிசல் நாவலை அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது "பருத்திமார்" என்ற சொல் வந்தது. வாசித்தவர் நிறுத்தினார், யாருக்கும் தெரியவில்லை. மகள் வீட்டில் தங்கியிருக்கும், கோவில்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் ஐந்து மாதமாகச் சுவரோர நாற்காலியில் வாய் திறக்காமல் அமர்ந்துவிட்டுப் போவார். அவர்தாம் மெதுவாக, "பருத்தி எடுத்து முடிச்சப்புறம் காய்ஞ்சு நிக்கிற செடிதான் மார். பிடுங்கிக் கட்டுக் கட்டிக் கொண்டாந்து அடுப்பெரிப்போம். பிடுங்குற நாளு உள்ளங்கையெல்லாம் கீறிக்கிடும், சோத்துல கை வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் தம் உள்ளங்கையையே ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்த மாதம் எவரும் முப்பதாம் பக்கத்தில் நிற்கவில்லை. அப்படி ஒருவர் உங்கள் வட்டத்தில் இல்லையென்றால், கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி போன்ற ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அகராதி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டாது.

எந்தப் புத்தகம் என்று முடிவு செய்வதற்கே ஒரு கூட்டம் செலவாகிறது

பன்னிரண்டு பேரிடமும் கருத்துக் கேட்டு வாக்கெடுப்பு நடத்தினால், ஒவ்வொருவரும் தாம் சொன்னதற்கே வாக்களிப்பார்கள். மூன்று வாக்குப் பெற்ற புத்தகம் வென்று, ஒன்பது பேர் விருப்பமில்லாமல் படிப்பார்கள். வாக்கெடுப்பே வேண்டாம், நிறுவியவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டாலோ, ஓராண்டில் வட்டம் அவருடைய சொந்த அலமாரியின் நீட்சியாகிவிடும். முதல் ஆண்டில் நான் செய்தது அதுதான்.

நாங்கள் இப்போது பின்பற்றும் முறை உத்திரமேரூரிலிருந்து வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து அவ்வூர்க் கல்வெட்டு விவரிக்கும் குடவோலை முறையில், ஊர்ச்சபையின் வாரியங்கள் எனப்படும் குழுக்களுக்குத் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்வார்கள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் சேராது. எங்களிடம் குடத்துக்குப் பதில் ஓர் எவர்சில்வர் செம்பு. யார் பெயர் வருகிறதோ அவர் மூன்று புத்தகங்களை முன்வைப்பார்; எல்லோருக்கும் ஒரு சுற்று முடியும்வரை அவர் சீட்டு மீண்டும் செம்புக்குள் போகாது. மற்றவர்கள் வாக்களிக்க வேண்டியதில்லை. இது என்னால் இயலாது என்று தோன்றும் ஒன்றை மட்டும் அடிக்கலாம். குறைவாக அடிபட்டது வெல்லும். பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சண்டை வருகிறது. ஒவ்வாததை நீக்கச் சொன்னால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிகிறது. ஏன் என்று எனக்கு இன்னும் முழுமையாகப் புரியவில்லை, ஆனால் நான்காண்டுகளாக இது தவறியதில்லை.

முன்வைப்பவருக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: நூல் 250 பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, பிரதி கிடைப்பதை அவரே விசாரித்திருக்க வேண்டும், குறைந்தது முதல் ஐம்பது பக்கங்களை அவர் படித்திருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைக்குத் தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. செய்தித்தாள் மதிப்புரையை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் முன்வைத்த நூல், பாதிக்கு மேல் புள்ளிவிவர அட்டவணையாக இருந்ததைக் கண்டபின் எதிர்ப்பு அடங்கியது.

தொடர்ந்து இரண்டு மாதம் தடுக்கிய வட்டத்துக்கு மூன்றாம் மாதம் மிகச் சிறியதாகக் கொடுங்கள். சி.சு. செல்லப்பாவின் "வாடிவாசல்" நூறு பக்கத்துக்குள் அடங்குவது, ஒரே ஜல்லிக்கட்டுக் களத்தில் நடந்து முடிவது. நாவல் படித்துப் பழக்கமில்லாதவரும் இரண்டு இரவில் முடித்துவிட்டு, முடித்தேன் என்ற நிறைவோடு வருவார். அதுவும் கடினம் என்றால், புதுமைப்பித்தனின் "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" கதையைக் கூட்டத்திலேயே ஆளுக்குச் சில பக்கமாக உரக்க வாசித்து, அங்கேயே பேசி முடிக்கலாம். முன்கூட்டிப் படித்துவர வேண்டிய பொறுப்பே எவருக்கும் இல்லை. கண்பார்வை மங்கிய மூத்தவர்களும், தமிழைப் பேசத் தெரிந்தும் வேகமாகப் படிக்க வராத பிள்ளைகளும் அந்த மாலையில்தான் முதன்முதலாக மற்றவர்களுக்குச் சமமாக அமர்கிறார்கள் என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது இதைச் செய்துவிடுகிறோம்.

எல்லோரும் படித்திருக்கிறார்கள், ஆனால் "நன்றாக இருந்தது" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது

கேள்வியை மாற்றுங்கள். பிடித்ததா என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டு விடைகள்தாம் உண்டு. நாகரிகம் கருதி எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். எந்த இடத்தில் எரிச்சல் வந்தது, எந்தப் பாத்திரத்தை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைக்க மாட்டீர்கள், கடைசி அத்தியாயத்தை நீக்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்டால் விடைக்குக் காரணமும் சேர்ந்தே வரும். இதற்குப் பிறகும் பேச்சு எழவில்லை என்றால் புத்தகமே காரணமாக இருக்கலாம்: எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நல்ல கருத்துகளை மட்டும் சொல்லும் நூலைப் பற்றிப் பேச எதுவும் இருக்காது.

ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார்

பெரும்பாலும் அவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார். பெரும்பாலும் அவர் சொல்வது நன்றாகவும் இருக்கும். அதனால்தான் நிறுத்துவது கடினம். கூட்டத்தில் இடைமறித்தால் அவர் புண்படுவார், மற்றவர்கள் இன்னும் ஒடுங்குவார்கள். முந்தைய நாள் அவர் வீட்டுக்கே போய்ப் பேசுவதுதான் முறை. எங்கள் வட்டத்து ஐயாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, நீங்கள் முதலில் பேசிவிட்டால் அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். நாளைக்கு நீங்கள் கடைசியில் பேசி, அவரவர் சொன்னதைத் தொகுத்துத் தர முடியுமா?" சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் நான் எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருக்குமே, தம்பி" என்றார். ஆம் என்றேன். மறுநாள் குறிப்பேட்டோடு வந்தார். இப்போது எங்கள் கூட்டக் குறிப்புகள் அவர் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் முதல் சுற்றை மட்டும் கட்டுப்படுத்துங்கள். ஒருவருக்கு ஒரு வாக்கியம், அதுவும் ஒரு பக்க எண்ணோடு; வட்டம் முழுவதும் வந்தபின் யார் வேண்டுமானாலும் விரிவாகப் பேசலாம். ஒருமுறை தன் குரலைக் கேட்டவர் இரண்டாம் முறை பேசத் தயங்குவதில்லை.

பேச்சு புத்தகத்தை விட்டு வேறெங்கோ போய்விடுகிறது

இது எப்போதும் பழுது என்று சொல்ல மாட்டேன். சென்னையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைக் களமாகக் கொண்ட அசோகமித்திரனின் "தண்ணீர்" நாவலைப் பேசிய அன்று, பத்து நிமிடத்தில் பேச்சு எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றுக்கும், லாரித் தண்ணீருக்கு யார் வீட்டில் எத்தனை குடம் என்பதற்கும் போய்விட்டது. நான் தடுக்கவில்லை. குழாயடியில் நிற்கும் பெண்களைப் பற்றி அந்த நாவல் சொல்வதை வேறு வழியில் அவ்வளவு நெருங்கியிருக்க முடியாது.

கவலைப்பட வேண்டியது வேறு வகை விலகல்: தேர்தல், கட்சி, நேற்றைய தொலைக்காட்சி விவாதம். அப்போது, "இது நாவலில் எந்த இடத்தில் வருகிறது?" என்று கேளுங்கள். இடம் இருந்தால் பேச்சு அங்கே திரும்பும். இல்லையென்றால் பேசுபவரே சிரித்துவிட்டு நிறுத்துவார். சாதியைப் பற்றிய நூல்களைச் சண்டைக்கு அஞ்சியே தவிர்க்கும் வட்டங்களை அறிவேன். தமிழில் நல்ல நாவல்களில் பாதியை அவர்கள் தொட முடியாமல் போகிறது. ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகும்வரை, அதாவது முதல் நான்கைந்து மாதம், பொறுத்திருந்துவிட்டு எடுப்பதே போதுமானது.

வருகை மாதத்துக்கு மாதம் தேய்கிறது

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். முகூர்த்த நாளன்று வைத்த கூட்டம், ஐப்பசி அடைமழையில் மொட்டை மாடியில் வைத்த கூட்டம், மார்ச் மாதத் தேர்வுக்கு நடுவில் வைத்த கூட்டம் ஆகியவற்றுக்கு ஆள் வராததை வாசிப்பின் வீழ்ச்சியாகக் கருத வேண்டியதில்லை. அடுத்து அடுக்களையைப் பாருங்கள். சுழற்சி முறையில் வீட்டுக்கு வீடு கூடும் வட்டங்களில், முதல் வீட்டில் தேநீரும் பிஸ்கட்டும், இரண்டாம் வீட்டில் வாழைக்காய் பஜ்ஜி, மூன்றாம் வீட்டில் பஜ்ஜியோடு கேசரி என்று விருந்தோம்பல் ஏறிக்கொண்டே போகும்; ஐந்தாம் வீட்டுக்காரர் தம் முறை வரும் முன்பே வருவதை நிறுத்திவிடுவார். அதைவிட மோசமானது, அந்த வீட்டுப் பெண் ஒருவர், அவரும் உறுப்பினர்தாம், படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தும், கூட்டம் முழுவதும் எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்றுகொண்டு, உள்ளே கேட்கும் பேச்சுக்கு அடுக்களையிலிருந்தே "இல்லை இல்லை, அவள் அதற்காகப் போகவில்லை" என்று குரல் கொடுத்தது. அன்றோடு வீடுகளில் கூடுவதை நிறுத்திச் சங்கக் கூடத்துக்கு மாறினோம். கடையில் வாங்கிய முறுக்கும் பிளாஸ்க்கில் தேநீரும் மட்டும்; செலவு பொது நிதியில். மூன்று மாதத்தில் வருகை பழைய எண்ணிக்கையை எட்டியது.

வாட்ஸ்அப் குழு காலை வணக்கப் படங்களால் நிரம்பி, கூட்ட அறிவிப்பு அடியில் புதைந்துபோனால், நிர்வாகி மட்டும் பதிவிடும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். இதற்கு விவாதம் தேவையில்லை.

தேர்வு மாதங்களான மார்ச்சிலும் ஏப்ரலிலும் நாங்கள் கூடுவதே இல்லை. தடித்த நூல்களை அந்த இடைவெளிக்கு ஒதுக்கிவிடுகிறோம். ஐந்து பாகங்கள் கொண்ட "பொன்னியின் செல்வ"னை அப்படித்தான் இரண்டு கோடைகளில் முடித்தோம். கல்கியின் நூல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிட்டிருப்பதால் ஒருவர் பிரதியின் பக்க எண் மற்றவர் பிரதியோடு பொருந்தாது. ஆகவே அத்தகைய நூலுக்கு, பக்கத்துக்குப் பதில் பாகத்தையும் அத்தியாயத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். விடுமுறைக்குப் பின் மீண்டும் கூடும் மாலையில் உறுப்பினர் எண்ணிக்கைக்கு நாற்காலி போடாதீர்கள். ஆறு போடுங்கள், மீதியைச் சுவரோரமாக அடுக்கி வையுங்கள். ஏழாவதாக வருபவர் தமக்கானதைத் தாமே எடுத்து விரித்துக்கொள்வார்.